ஆறாவது தூணில் ஏறியவள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வார இதழ் என்னிடம் பயணக் கட்டுரை கேட்டது. "ஒரே நாள்ல குகைக்கோயிலும் மலை ரிசார்ட்டும். தனியா கார் பேசிப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கணும். ரெண்டு பக்கம் போதும்" என்றார் ஆசிரியர். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எங்கே நின்றால் படம் நன்றாக விழும், அவ்வளவுதான். நான் எழுதியது நான்கு வரி:

"காலை ஆறு மணிக்குக் கிளம்புவது நல்லது. படி ஏறக் கெட்டியான செருப்பு வேண்டும். மலை மேல் குளிரும். கேபிள் காரில் அம்மா"

(கோயில் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதைக்கூட மறந்திருக்கிறேன். பயணக் கட்டுரை எழுத எனக்குள்ள தகுதி இவ்வளவுதான்.)

அந்த 'அம்மா'வைத் தாண்டிக் கட்டுரை ஓர் அடி நகரவில்லை. இதழுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, இதை ஆரம்பித்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலை அன்று மேகத்தைப் போர்த்திக்கொண்டு" என்று எழுதி, உடனே அடித்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேகம் என் கைவேலை.

இரண்டாம் முயற்சி: "அம்மாவுக்கு மருமகளைப் பிடிக்காது." இதையும் அடித்தேன். இது பொய். மருமகளுக்கு ஜலதோஷம் என்றால் அம்மா இருமுவாள். அவளுக்குப் பிடிக்காதது மருமகள் பார்த்த வேலை.

மூன்றாம் முயற்சி நிற்கும் என்று நினைக்கிறேன். அம்மா தையல்காரி. நாற்பத்தோரு வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். ஓர் ஆளை வாசலில் பார்த்தாலே தோள் எத்தனை, கை எத்தனை என்று சொல்லிவிடுவாள். டேப்பை எடுப்பது வாடிக்கையாளரின் மன ஆறுதலுக்கு. அவளுடைய ஒரே மருமகள், அதாவது என் தம்பியின் மனைவி, மலை ரிசார்ட்டுக்குப் போகிற கேபிள் காரின் டெக்னீஷியன். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வடத்தையும் உருளைகளையும் சோதித்து, 'ஓடலாம்' என்று கையெழுத்துப் போடுபவள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது.

பெண் பார்க்கப் போன அன்று அவள் நகக்கண்ணில் கருப்பாகக் கிரீஸ் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்: "மருமகளா? மலை மேல ரிசார்ட்ல, ஆபீஸ்ல இருக்கா."

ஆறு வருடம் அந்தப் பொய் மடிப்புக் கலையாமல் இருந்தது. நானும் கூட நின்று தலையாட்டியிருக்கிறேன். இந்தக் கதையில் நான் யோக்கியம் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

3

கார் ஏற்பாடு செய்தது தம்பி. கடைசி நேரத்தில் அவனுக்கு அச்சகத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அவ மேல டியூட்டில இருப்பா, மத்தியானம் சேர்ந்து சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டான்.

டிரைவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். முப்பதுக்கு மேல் முள் போகாது. மாட்டு வண்டி எங்களை முந்தியது என்று எழுத ஆசை, முந்தியது சைக்கிள்தான்.

குகைக்கோயிலுக்கு முந்நூறு படி. அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்குவதை மறைக்க, கீழே தெரியும் ஊரைப் பாராட்டினாள். குகை பெரியது. தலைக்கு மேல் பாறை பிளந்து, அதன் வழியே ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது. சுவரெல்லாம் ஈரம். விளக்கு வெளிச்சத்தில் சாமி சின்னதாக, யாரையும் மிரட்டாமல் நின்றது.

அங்கேதான் பெரிய டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் பள்ளிக்கு அம்மா பதினெட்டு வருடம் சீருடை தைத்திருக்கிறாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குசலம் விசாரித்தார்கள்.

"பையனுக்குக் கல்யாணம் ஆச்சாமே? மருமக என்ன பண்றா?"

அம்மாவின் பார்வை ஒரு நொடி சாமி பக்கம் போய் வந்தது.

"மலை மேல ரிசார்ட்ல, ஆபீஸ்ல இருக்கா டீச்சர்."

(இந்த இடத்தில் பாறையிலிருந்து ஒரு சொட்டு நீர் அம்மாவின் நெற்றியில் விழுந்ததாக எழுதியிருந்தேன். நன்றாக இருந்தது. நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

"நானும் அங்கதான் போறேன். வாங்களேன், சேர்ந்தே போவோம்" என்றார் டீச்சர். காரில் இடம் இருந்தது.

4

கேபிள் காரின் அடிவார நிலையத்தில் அம்மா டிரைவரைப் பார்த்து, "நீங்களும் வாங்க. பெட்டியில எடம் இருக்கு" என்றாள்.

"பதினோரு வருஷமா ஆளுங்கள இங்க கொண்டாந்து விடறேன். ஒரு தடவகூட ஏறினதில்லம்மா. தரையில இருக்கறவன் தரையிலயே இருக்கட்டும்."

"சும்மா வாங்க, டிரைவர் தம்பி."

வந்தார். நான்கு பேர், ஒரு பெட்டி. பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு குலுக்கல். பெட்டி முன்னும் பின்னும் ஆடி, நின்றது. கீழே மரங்களின் உச்சி. டிரைவர் இருக்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "பயணிகள் கவனிங்க. பாதுகாப்புக்காக வண்டி நின்னிருக்கு. உக்காந்த எடத்துலயே உக்காருங்க. கதவத் தொடாதீங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

மருமகள் குரல். எனக்குத் தெரிந்தது; அம்மாவுக்கும் தெரிந்தது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேசி முடித்தவள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அதனால் இருபத்திரண்டு பெட்டிகளிலும் தொங்கியவர்கள் அடுத்ததையும் கேட்டார்கள்.

"ஆறாவது தூண் அலாரம் சார்."

"அது சும்மா அடிக்கும்மா. போன மாசமும் இப்படித்தான அடிச்சது? அலாரத்த ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஓட்டு." இது மேனேஜர்.

"சும்மாவா நெசமான்னு பாக்காம ஓட்ட மாட்டேன்."

"கீழ எரநூறு பேர் வரிசையில நிக்கறாங்க!"

"அவங்க தரையில நிக்கறாங்க சார். எனக்குத் தொங்கறவங்கதான் முக்கியம்."

"நான் சொல்றேன், ஓட்டு."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டு நீங்களே ஓட்டுங்க. நான் தூண்ல ஏறப் போறேன்."

நாற்காலி தள்ளும் சத்தம். ஒரு கதவு. பிறகு வெறும் கரகரப்பு.

பெரிய டீச்சருக்கு வியர்த்துவிட்டது. "யாரோ சின்னப் பொண்ணு மாதிரி இருக்கே. மேனேஜரையே எதுத்துப் பேசுது. இதுக்கு என்ன தெரியும்? பெரியவங்க யாரும் இல்லையா இங்க?"

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"டீச்சர், கோயில்ல உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். என் மருமக ஆபீஸ்ல இல்ல. இப்பப் பேசினா பாருங்க, அவதான். இந்த வண்டிய ஓடவிடறதும் அவதான், நிறுத்தறதும் அவதான். ஆறு வருஷத்துக்கு மேலயே." குரல் நடுங்கவில்லை. "அவ பாத்துட்டுச் சொல்றேன்னா, பாத்துட்டுத்தான் சொல்லுவா. நீங்க பயப்படாம உக்காருங்க."

5

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். அம்மா இவ்வளவு சுளுவாக மாறுவாளா? ஆறு வருடப் பொய்யை ஒரு மூச்சில் அவிழ்ப்பாளா? கதை எழுதுகிறவளுக்கு இது உறுத்துகிறது. அதனால் அவளைக் கொஞ்சம் திணறவைத்து ஒரு வடிவம் எழுதினேன்: உதடு துடிக்கிறது, கண் கலங்குகிறது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறாள். வாசித்துக் காட்டினேன்.

"உன் கதையில நான் ஏண்டி எப்பப் பாத்தாலும் அழறேன்?" என்றாள் அம்மா. "அன்னிக்கு அழல. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பெருமைன்னு எழுத உனக்குக் கை வராதா?"

எழுதிவிட்டேன், அம்மா. பெருமை.

(இன்னொரு குட்டும் வெளிப்படட்டும்: பெட்டி நின்றதிலிருந்து நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். அப்போதிலிருந்து காதால் கேட்டது என்னுடையது. கண்ணால் கண்டது டிரைவருடையது. மனுஷன் பயத்தில்கூட நிதானமாகப் பார்த்திருக்கிறார்.)

6

எங்கள் பெட்டிக்குக் கல்லெறி தூரத்தில்தான் ஆறாவது தூண். மேல் நிலையத்திலிருந்து ஒரு ஜீப் காட்டுப் பாதையில் இறங்கி வந்து அதன் காலடியில் நின்றது. ஆரஞ்சு நிறக் கோட்டுப் போட்ட ஓர் உருவம் இறங்கி, ஏணியில் ஏற ஆரம்பித்தது. பத்து ஆள் உயரம். ஒவ்வொரு நாலு படிக்கும் இடுப்புக் கொக்கியைக் கழற்றி மேலே மாட்டிக்கொண்டு ஏறியது. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை.

"இந்தப் பொண்ணு யார்கிட்டயோ நல்லாப் பாடம் கேட்டிருக்கு" என்றார் டீச்சர் மெல்ல. "காலை எப்படி வெக்குது பாருங்க."

அம்மா பார்த்தது வேறு. "தோள் ரெண்டு இஞ்சு தொங்குது" என்றாள். "கை மூணு மடிப்பு மடிச்சு விட்டிருக்கா. ஆம்பள அளவுக் கோட்டு. அந்த மடிப்பு எதுலயாவது மாட்டினா என்ன ஆகும்?"



தூணின் உச்சியில் ஒரு சின்னப் பலகை. அதில் மண்டியிட்டு, கம்பியால் எதையோ நெம்பினாள் மருமகள். காற்று வீசியபோதெல்லாம் அந்தக் கோட்டு உப்பியது. உப்பியபோதெல்லாம் அம்மா தன் ரவிக்கைக் கையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிடம். அம்மா ஒரு தடவைகூடப் பார்வையை எடுக்கவில்லை என்றார் டிரைவர். தானும் எடுக்கவில்லை என்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

பிறகு அவள் எழுந்து நின்று, வரிசையாகத் தொங்கிய பெட்டிகளைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோருக்குமாகத்தான் உயர்த்தினாள்.

அம்மாவும் கையை உயர்த்தினாள்.

7

பெட்டி மெதுவாக நகர, மேலே போய்ச் சேர்ந்தோம். ரிசார்ட்டைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டாமா? வெள்ளைக் கட்டடம், கண்ணாடிச் சாப்பாட்டறை, செயற்கை ஏரி, அதில் வாத்து வடிவப் படகுகள். போதும்.

நிலையத்தில் மேனேஜர் எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் உருளையின் ரப்பர் கிழிந்து, வடம் விளிம்புக்கு வந்துவிட்டதாம். அவள் அதை நெம்பி உள்ளே தள்ளாமல் ஓட்டியிருந்தால் நழுவியிருக்கலாமாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா ஜூஸை வாங்கவில்லை.

"ஏன் சார், அந்தப் பொண்ணுக்கு அளவெடுத்து ஒரு கோட்டுத் தைக்க உங்களுக்கு ஆள் கிடைக்கலையா?"

"ஆம்பள அளவுதாம்மா கம்பெனியிலேர்ந்து வருது. லேடீஸ் இந்த வேலைக்கு வர்றதில்ல."

"வந்துட்டாளே! வந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சே! இன்னுமா வரலங்கறீங்க?"

மேனேஜர் ஜூஸ் தட்டைப் பார்த்தார். பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்துக் குரலில், "அவ அளவுக்குக் கோட்டு வேணும்னு கம்பெனிக்கு எழுதுங்க. இப்பவே எழுதுங்க, நாங்க நிக்கிறோம்" என்றார். மனுஷன் பேனாவைத் தேடினார். வரிசையில் நின்ற யாரோ ஒருவர் தன் பேனாவை நீட்டினார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவு என்னிடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

"அவ எங்க?" என்று கேட்டாள் அம்மா. மோட்டார் அறையைக் காட்டினார்கள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் சிவப்பில் எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்தாள், கதவைத் திறந்தாள், உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஒன்பது நிமிடம். டிரைவர் கடிகாரம் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

முடிவு ஒன்று: அம்மா மன்னிப்புக் கேட்கிறாள். எழுதிப் பார்த்தேன். அம்மா தன் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பு செய்தால் துணியைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "அத்தை, நீங்களா அந்தப் பெட்டியில இருந்தீங்க?" என்று மருமகள் அதிர்ந்து போய் உட்கார்ந்துவிடுகிறாள். இது கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அடுத்த வரி வரவில்லை.

முடிவு மூன்று: இரண்டு பேரும் பேசாமல்

(இல்லை. என் வீட்டுப் பெண்கள் ஒன்பது நிமிடம் பேசாமல் இருந்ததாக எழுதினால் உலகம் சிரிக்கும்.)

அம்மாவிடம் கேட்டேன். "மெஷினப் பத்திப் பேசினோம்" என்றாள். மருமகளிடம் கேட்டேன். "அத்தைகிட்டயே கேளுங்க அண்ணி" என்று சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கதவைச் சாத்திவிட்டார்கள். கோபம் வரவில்லை. என் கதைக்குள் எனக்கே அனுமதியில்லாத ஓர் அறை இருப்பதில், சொன்னால் நம்புங்கள், எனக்கும் ஒரு பெருமைதான்.

வெளியே வந்தபோது அம்மா முன்னால் நடந்தாள், மருமகள் பின்னால். சாப்பாட்டறையில் இடம் காட்ட வந்தவரிடம் அம்மா, "அஞ்சு பேர். இவ என் மருமக, உங்க கேபிள் கார் இவ சொன்னாத்தான் ஓடும்" என்றாள். அவருக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் புதிதாகக் கேட்பவர் போலத் தலையசைத்தார். நல்ல மனிதர்.

ஆக, அந்த ஒன்பது நிமிடத்தை உங்களிடம் விடுகிறேன். நான் வெளியே நின்றவள், மகள், எனக்கு அதற்கு உரிமை இல்லை. நீங்கள் ஒருவேளை மாமியாராகவோ மருமகளாகவோ இருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு போங்கள். உள்ளே மோட்டார் ஓடுகிறது, சத்தம் காதை அடைக்கும். அதனால் அவர்கள் இருவரையும் கொஞ்சம் உரக்கவே பேசவிடுங்கள்.