எழுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

மனச்சாட்சிக்கு எங்கள் கடலோர ஊர் புந்தா அலானில் போன தேர்தலில் விலை ஐந்நூறு பேசோ. அதற்கு முந்தைய தேர்தலில் முந்நூறாக இருந்தது. அரிசி ஏறியிருக்கிறது, டீசல் ஏறியிருக்கிறது. மனச்சாட்சி மட்டும் பழைய விலைக்கே கிடைக்க வேண்டும் என்றால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வான்? ஐந்நூறு பேசோத் தாள் ஒன்று, யாருக்குப் போட வேண்டும் என்று அச்சடித்த சீட்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு பின். வீடு தேடி வந்துவிடும். வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போடுகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அந்த விஷயத்தில் நாங்கள் மிகவும் நாணயமானவர்கள்.

இப்படி வாங்கிய ஊராட்சித் தலைவர் நாற்காலியில் கிறிஸ்பின் டுமாலகன் மூன்று தடவை உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் இருப்பவரை ஊர் ‘கேப்’ என்று கூப்பிடும். தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் ஒரே ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் எழுந்திரு என்றது, எழுந்தார். நாற்காலியில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, மனைவியின் மடியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

பதவிப் பிரமாணத்தன்று மனைவி பூரிங் வலது கையைத் தூக்கி, அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று சொன்னபோது பக்கத்தில் நின்ற கிறிஸ்பினின் உதடும் சேர்ந்து அசைந்தது. யார் பிரமாணம் எடுக்கிறார் என்று படம் பிடித்தவனுக்கே சந்தேகம். ஊருக்குச் சந்தேகம் இல்லை. அவரை ‘கேப்’ என்றே கூப்பிட்டார்கள். அவளை ‘கேப்போட மிசிஸ்’ என்றார்கள்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், பூண்டுச் சோற்றுக்கும் கருவாட்டுத் தட்டுக்கும் நடுவில் கிறிஸ்பின் ஒரு காகிதத்தை வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி போட்டுரு. கையில எண்ணெய் பட்டா காகிதம் வீணாயிடும்."

"படிச்சுட்டுப் போடறேன்," என்றாள் பூரிங்.

கிறிஸ்பின் காபியைக் கீழே வைத்தார். "நாலு மாசமா படிச்சுட்டா போட்ட?"

"அதெல்லாம் தெருவிளக்குக்கு பல்பு, நாய்க்கு ஊசின்னு சொன்னீங்க. இது கரை."

"கரைதான். ஓடியா போயிடப் போவுது? மணிலாக்காரரு ஓட்டல் கட்டறாரு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு வாடகை. அதுக்கப்புறம் எடுத்துக்க."

"நம்ம கரையா அது, வாடகைக்கு விட?"

"நம்ம ஊர்ல இருக்கு. ஊரு நம்ம கையில இருக்கு. சாயந்தரம் அவரு சாப்பிட வர்றாரு, காகிதத்தை வாங்கிட்டுத்தான் போவாரு. என்னைத் தலைகுனிய வச்சுடாத."

அவள் பேனாவைத் தொடாமல் சோற்றைக் கிளறினாள். அந்த வீட்டில் அதுவே பெரிய கலகம்.

பூரிங்குக்கு வீட்டு முகப்பில் ஒரு பெட்டிக்கடை உண்டு. கிறிஸ்பின் முதல் தேர்தலில் நின்றபோது செலவுக்குப் போனது அந்தக் கடையின் காசுதான். சோப்புக்காரன் அட்டைப்பெட்டியை இறக்கினால், பிரித்து, ஒவ்வொரு கட்டியாக எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அவன் எத்தனை பல்லைக் காட்டினாலும் சரி. அப்படிப்பட்டவள் ஊராட்சிக் காகிதம் என்றால் மட்டும் எண்ணாமல் போட்டாள். கடை தன்னுடையது, ஊராட்சி புருஷனுடையது என்று ஒரு நினைப்பு. கணவன் நாலு பேர் முன்னால் பேசும்போது மனைவி சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு வரும் நினைப்பு அது.

இந்தக் காகிதத்தை மட்டும் கடைக்கு எடுத்துப்போய், சர்க்கரை மூட்டைமேல் வைத்து, முழுக்கப் படித்தாள். ‘கேப் என்ற முறையில் எனக்குள்ள அதிகாரத்தின்படி’ என்று ஆரம்பித்தது. கீழே அவள் பெயர். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

வேலி மட்டும் காகிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. கிறிஸ்பின் வாயால் சொன்ன ஒரு ‘சரி’யை நம்பி, மணிலாக்காரரின் ஆட்கள் இரண்டு வாரம் முன்பே மணல் முழுக்க முள்கம்பி இழுத்துவிட்டார்கள். படகுகள் சுற்றிப் போய்ச் சதுப்புக்காட்டுப் பக்கம் ஒதுங்கின. அங்கிருந்து மீனை முழங்கால் சேற்றில் சுமந்து வர வேண்டும். வந்து சேரும்போது மீன் கண் மங்கிவிடும்; சந்தையில் பாதி விலை. மீன்காரி பாசிலிசாவுக்கு அந்தப் போன பாதிதான் அரிசி. அவள் புருஷன் பிடிப்பான், அவள் விற்பாள். விற்கிற குரல் சந்தையின் மறுகோடி வரை கேட்கும்.

கூட்டம் கூடைப்பந்து மைதானத்துத் தகரக் கூரையின் கீழ் நடந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை ஊரைக் கூட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்வதால் கூட்டுவார்கள். குலுக்கலில் ஒரு மின்விசிறியும் ஐந்து மூட்டை அரிசியும் இருப்பதால் நாங்கள் போவோம். அறிக்கை வாசிப்பார்கள், கைதட்டுவோம். எவ்வளவு சீக்கிரம் தட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் குலுக்கல். எதற்குத் தட்டினோம் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

முன்வரிசையில் பாதிரியாரும் நகராட்சியிலிருந்து வந்த ஓர் அதிகாரியும். மேடையில் நடு நாற்காலியில் கிறிஸ்பின். பக்கத்து நாற்காலியில், விசிறியும் கையுமாகப் பூரிங்.

"வேலி வளர்ச்சிக்காக," என்று கிறிஸ்பின் ஒலிபெருக்கியில் சொன்னார். "ஓட்டல் வரும். உங்க புள்ளைங்களுக்கு வேலை வரும்."

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். பாசிலிசா எழுந்து நின்றாள்.

"ஒரு கேள்வி."

"கேளு பாசிலிசா."

"உங்ககிட்ட இல்ல மனோங். கேப்கிட்ட."

மனோங் என்றால் அண்ணன்; அக்காவானால் மனாங். மரியாதையான சொல்தான். ஆனால் இத்தனை வருடம் கேப், கேப் என்றே கேட்டுப் பழகிய காதில் அது, நல்ல சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றதுபோல விழுந்தது.

"நான்தான் பேசிட்டு இருக்கேன்ல? கேளு."

"நீங்க பேசுங்க மனோங். பேசறதுக்கு யாரு தடை சொன்னா? நான் கேள்வியை அங்க கேக்கறேன்." விரலால் பூரிங்கைக் காட்டினாள்.

பூரிங் வழக்கம்போலப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது," என்றார் கிறிஸ்பின்.

"விவரம் தெரியாதவங்களுக்கா எங்களை ஓட்டுப் போடச் சொன்னீங்க? சீட்டுல அவங்க பேருதானே அடிச்சிருந்துச்சு?"

கடைசி வரிசையிலிருந்து மூன்று சக்கர வண்டிக்காரன் இலாரியோ சாவகாசமாகச் சொன்னான்: "மனோங், கொஞ்சம் நகந்து உக்காருங்க. எங்களுக்குக் கேப்பை மறைக்குது."

சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. கிறிஸ்பின் எழுந்தார். பணம் கொடுத்தவனுக்குக் கோபம் வந்தால் முதலில் வெளியே வருவது ரசீதுதான்.

"சிரிக்கிறீங்க. ஆளுக்கு ஐந்நூறு வாங்கினப்ப யாரு கையிலருந்து வாங்கினீங்க? அவ கையிலருந்தா? என் கையிலருந்தா?"

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. கேள்வி கோயில் வரைக்கும் போனது. பாதிரியார் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அதிகாரி தன் கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடினார். சட்டப்படி அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டிய குற்றம் அது. அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது, பையிலேயே இருந்தது.

பாசிலிசா மட்டும் கூச்சப்படவில்லை. "உங்க கையிலருந்துதான் வாங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், வாங்கினது தப்பும்தான். எதுக்குக் குடுத்தீங்க? மனாங் பூரிங்குக்குப் போடச் சொல்லி. போட்டேன். சரக்கு போய்ச் சேந்துருச்சு, வியாபாரம் முடிஞ்சுருச்சு. நேத்து மீன் வாங்கினவரு இன்னிக்கு வந்து கூடைக்குள்ள கையை விட்டா விட்டுருவேனா? அவங்களுக்குன்னு வாங்கின நாற்காலி மனோங் அது. நீங்க எந்தக் கணக்குல அதுல உக்காந்திருக்கீங்க?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "கேப், வேலிக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"அது வந்து... அவருதான்..."

"அவரு வேண்டாம். நாலு மாசமா அவரையே கேட்டாச்சு. சம்பளம் உங்க பேர்ல வருது. பிரமாணம் உங்க வாயால எடுத்தீங்க. நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனா ஜெயிலும் உங்க பேர்லதான். மனோங் சோறு கொண்டுவந்து குடுப்பாரு. அதுவும் ஞாயித்துக்கெழம மட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பூரிங் சிரிக்கவில்லை. நாலு மாதமாக எண்ணாமல் இறக்கி அடுக்கிய சரக்கு முழுவதும் அவள் கண்முன் வந்து நின்றது. பல்பு என்று சொன்ன காகிதத்தில் பல்புதான் இருந்ததா? ஊசி என்று சொன்னதில்? சோப்புக்காரனிடம் ஏமாறாதவள், ஒரே கட்டிலில் படுக்கிறவனிடம் மொத்தமாக ஏமாந்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விசிறியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஒலிபெருக்கியைக் கிறிஸ்பின் விடவில்லை. அவளும் கேட்கவில்லை.

"போடல," என்றாள்.

"சாயந்தரம் போடுவா," என்றார் கிறிஸ்பின், ஒலிபெருக்கியில்.

"போட மாட்டேன்." குரல் சின்னதுதான், ஆனால் விசிறிக் காற்றுச் சத்தம்கூட நின்றிருந்தது. "காகிதத்தைப் படிச்சேன். எனக்குள்ள அதிகாரத்தின்படின்னு எழுதியிருக்கு. கரையை வாடகைக்கு விட எனக்கு அதிகாரமே கெடையாது. அது ஊராட்சிச் சொத்து இல்ல, எல்லாருக்கும் பொது. எங்கிட்ட இல்லாததை நான் எப்படி இவருக்குக் கடன் குடுக்க?"

பாசிலிசா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தனக்கு எதுக்கு அதிகாரம் இல்லன்னு சொல்ற கேப்பை இப்பதான் பாக்கறோம்," என்றாள். "அப்ப அந்த வேலி?"

"அனுமதி இல்லாத வேலி. பிரிக்கச் சொல்லி நானே எழுதறேன். எழுதினதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"நல்லது. அடுத்த கூட்டத்துக்கும் வருவேன் கேப். இதுக்கு முன்னாடி போட்டதையெல்லாம் படிச்சு வையுங்க. அதையும் கேப்பேன், உங்களைத்தான் கேப்பேன்."

"கேளு," என்றாள் பூரிங். முகம் வெளுத்திருந்தது.

யாரும் கைதட்டவில்லை. தட்டக் கூடாது என்று இல்லை. இந்த மாதிரிப் பேச்சில் எந்த இடத்தில் தட்டுவது என்று எங்களுக்குப் பழக்கமில்லை. ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "குலுக்கல் எப்ப?"

மின்விசிறி அதிகாரிக்கு விழுந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். அவர் பேனா வேலை செய்கிறது என்று அப்போது தெரிந்தது.

வேலியைப் பிரிக்க யாரும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. அதை இழுத்தவர்களும் காத்திருக்கவில்லையே. சாயந்தரத்துக்குள் படகுகள் மணலில் ஏறிவிட்டன. மணிலாக்காரரின் கார் கோயில் முனை வரைக்கும் வந்தது. அங்கே நின்று கடலைப் பார்த்தது. திரும்பிப் போனது.

விருந்தாளிக்கு என்று பொரித்த பன்றி இறைச்சி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. கிறிஸ்பின் தொடவில்லை. வேறொன்றும் சொல்லத் தோன்றாமல், தோற்ற வியாபாரியைப்போலச் செலவை ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"மூணு லட்சத்து ஐம்பத்தஞ்சாயிரம். உன்னை அந்த நாற்காலியில உக்கார வைக்க. யாரு திருப்பித் தருவா அதை? அந்த மீன்காரியா?"

பூரிங் இறைச்சியை அவர் தட்டில் வைத்தாள். "எனக்கு மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சு?"

"எழுநூத்திப் பன்னெண்டு. ஏன்?"

"நீங்க எத்தனை பேருக்குக் காசு குடுத்தீங்க?"

"எழுநூத்திப் பத்து."

"அப்ப ரெண்டு இடிக்குதே."

"ஒண்ணு என்னோடது," என்றார் எரிச்சலாக.

"இன்னொண்ணு?"

கிறிஸ்பின் முள்கரண்டியை எடுத்தார். வைத்தார். ஊர் முழுக்க வீடு வீடாகப் போனவர், ஒரே ஒரு வீட்டுக்குப் போகவில்லை. கட்டியவளின் ஓட்டுத்தானே, சும்மாவே வரும் என்று விட்டிருந்தார்.

"சாப்பிடுங்க, ஆறுது," என்றாள் பூரிங். மேசை ஓரத்தில் கிடந்த காகிதத்தை எடுத்துக் கிழிக்காமல், மடிக்காமல், கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருக்க, கடைக்குள் கொண்டுபோய் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஆணியில் மாட்டினாள்.

விழுந்தது எழுநூற்றுப் பன்னிரண்டு. விலைபோனது எழுநூற்றுப் பத்து. வாங்கியவரின் சொந்தம் ஒன்று. புந்தா அலானின் இருப்பு, ஒன்று.