மாமியின் பதினாறு பக்கங்கள்

...அந்த மென்பொருளுக்கு என்ன பெயர், போன கிழமை வரைக்கும் இருந்ததே, உதயகலாதான் தன் கையாலேயே கணினியைத் துடைத்து லினக்ஸைப் புதிதாக ஏற்றினாள், வேகமாக ஓடும் என்றார்கள், கணினி ஓடுகிறது, வேலைதான் ஓடவில்லை. நாளைக்கு மாமி செத்து முப்பத்தோராம் நாள். விடியக் கீரிமலைத் தீர்த்தக்கரையில் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு, வருகிற இருநூறு பேர் கையிலும் மாமியின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும், கொடிகாமத்தில் அச்சகம் வைத்திருக்கிற மருமகள் சொந்த மாமியின் கல்வெட்டைக் கோட்டை விட்டாள் என்று ஊர் கதைக்காதா? பதினாறு பக்கத்தையும், தாளை மடித்தால் வரிசையாக வரும்படி அடுக்கித் தருகிற மென்பொருள் அது. காலையில் கையாலேயே அடுக்கிப் பார்த்தாள், மடித்துப் புரட்டினால் மாமி முதலில் இறந்து, பிறகு பிறந்து, கடைசியில் கலியாணம் கட்டுகிறார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

லினக்ஸுக்குக் கிடைக்கிற மென்பொருள்களைத் தேடும் கட்டளையில் பிடிஎஃப் என்று அடித்தாள், அறுநூறு வரி ஓடியது, தேர்த் திருவிழாச் சனம், இதில் யாரை அடையாளம் காண்பது? புக் என்றால் சமையல் குறிப்பு, முகவரிப் புத்தகம், பைபிள்... போனில் புருசன் சிவகரன், "கலா, முடிஞ்சுதோ?" "ஓம், முடியுது, வையுங்கோ." பச்சைப் பொய். தாய்க்காக முப்பது நாளாகச் சவரம் செய்யாத மனுசனிடம் வேறென்ன சொல்வது? பெயர் வராவிட்டால் போகட்டும், அது என்ன வேலை செய்யும்? விளக்கத்துக்குள்ளும் தேடுமே இந்தக் கட்டளை... புக்லெட் என்று அடித்தாள். மூன்றே வரி. இரண்டாவதில், பக்கங்களை மடிப்புக்கு ஏற்ப அடுக்கும் என்று இருந்தது. அப்பாடா! இறக்கினாள், ஏற்றினாள், முதல் பிரதியை மடித்துப் புரட்டினாள், மாமி ஒழுங்காகப் பிறந்து, ஒழுங்காகக் கலியாணம் கட்டி, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதியாகப் பால் விடாமல் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

பிறின்டர் தள்ளத் தள்ளப் பிரதிகளை மடித்துக்கொண்டே வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் கண்ணை ஓட்டினாள், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, சிவகரனின் தாய், உதயகலாவின் மாமி, பிறகு பேரர், பூட்டர், எல்லாம் இவளே அடித்ததுதான், ஒரு பிழையில்லை. ஆனால் மாமி என்ன செய்தார்? சமைத்தார், சரி, சமைக்காத நேரம்? கலியாணத்துக்கு முதல்? பதினொரு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறாள்... நாற்பது பிரதிதான் வந்திருக்கிறது, இப்போது நிறுத்தினால் ஒரு வரி சேர்க்கலாம், இடமும் இருக்கிறது. நிறுத்தினாள். விசைப்பலகையில் விரல்கள் இருந்தன, அடிக்கத்தான் ஒன்றும் வரவில்லை.