திரும்பாமல்

தோளிலிருந்த மண்குடத்தில் மூன்றாவது ஓட்டை விழுந்து, தண்ணீர் தமிழரசின் முதுகில் வழிந்தது. திருமுல்லைவாயிலில் இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்து ஓட்டை அடைத்தே பிழைக்கிறவன், சுடுகாட்டில் ஓட்டைக் குடத்தைச் சுமந்து அப்பாவைச் சுற்றிவந்தான். அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல். அப்பா விடியற்காலையில் போய்விட்டார். மனைவி ராணி ஆறு நாளாக அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் கிடந்தாள்.

முதல் நாளே அங்கே சண்டை பிடித்தான். “இன்னா டாக்டரம்மா, காத்து இம்மாந்தூண்டு உடுறீங்க? நல்லா அடிச்சி உடுங்க!”

டாக்டர் சுவேதா கோபப்படவில்லை. “நுரையீரல் புண்ணாயிருக்கு. அதிகமா அழுத்தினா கிழிஞ்சிடும். அதான் சின்னச் சின்ன மூச்சா குடுக்கிறோம். குப்புறப் படுக்க வெச்சா முதுகுப் பக்கமும் காத்து போகும்.”

ஒட்டுப்போட்ட பழைய டியூபுக்கு இவன் மட்டும் காற்றை அள்ளியா அடிக்கிறான்? அது புரிந்தது. ஆனால் குப்புறக் கிடந்தவளின் முகத்தைப் பார்க்க முடியாததைத்தான் தாங்க முடியவில்லை.

“ஒடைச்சிட்டு, திரும்பாம கொள்ளி வெய்யிப்பா,” என்றார் சுடுகாட்டுக்காரர்.

குடம் பின்னால் விழுந்து உடைந்தது. அதே நேரம் போன் அடித்தது. வேட்டியில் பையில்லையென்று தங்கை புருஷன் சந்தோஷிடம் கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரி நம்பருக்கென்றே வைத்திருந்த மணி அது. ஒரே நாளில் இரண்டா? தமிழரசின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“திரும்பாதப்பா!”

“மச்சான்!” சந்தோஷின் குரல் உடைந்தது. “திருப்பிட்டாங்களாம்!”

“யாரடா?”

“ராணியக்காவ. மல்லாக்கப் போட்டுட்டாங்களாம். ஆக்சிஜன் எறங்கலயாம். இனிமே கவுக்க வாணாமாம். கண்ணத் தொறந்துச்சாம், மச்சான்!”

தமிழரசு ஓவென்று அழுதான். அப்பாவுக்கா, ராணிக்கா என்று யாரும் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்தான். திரும்பாமல் நடந்தான்.

குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு சந்தோஷின் வண்டியில் ஏறினான். ஏறியதுமே பின் டயர் அமுங்கியது.

“காத்து கம்மியா கீது மச்சான். கடையாண்ட நிறுத்தி அடிச்சிகினு போலாமா?”

தமிழரசு குனிந்து டயரைப் பார்த்தான்.

“இது போதும். மெதுவா போ.”