மாப்பிள்ளை என்று ஒரு வயர்

மாமனார் எதையும் யாரையும் நம்பிக் கொடுக்கிற ஆள் இல்லை. தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக்கூட இன்னொருவர் கையில் தரமாட்டார். அப்படிப்பட்டவர் மாமியாரோடு மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் பழைய காரின் சாவியைச் சின்ன மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, "தினம் சாயங்காலம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும். வேற எதையும் தொட வேண்டாம்" என்றார். சின்ன மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த வேகத்தில் கடைசி வாக்கியம் அவன் காதில் ஏறவே இல்லை.

அவன் மருந்துக்கடைக்காரன். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இத்தனை வருஷத்தில் மாமனார் அவனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் அவனுக்குக் குறையே. அவன் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், மனுஷர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை" என்பார். அவன் உட்காருகிற வரைக்கும் நிற்பார். மற்றவர்களிடம் காலை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவர், மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் மேலதிகாரியைக் கண்டது போல விறைத்துக்கொள்வார். "நான் இந்த வீட்டுல இன்னும் விருந்தாளிதானா?" என்று அவன் மனைவியிடம் புலம்பாத மாதம் கிடையாது. "மரியாதை குடுத்தாலும் குத்தமா?" என்பாள் அவள்.

ஆகவே அந்தச் சாவி வெறும் சாவி அல்ல. முதல் நாள் சாயங்காலம் மாமனார் வீட்டுக் கொட்டகைக்குப் போய், சொன்னபடி ஸ்டார்ட் செய்தான். இரண்டாம் நாள், எஞ்சின் ஓடுகிறபோது சும்மா நிற்பானேன் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அகலமான தோல் சீட்டு. கையை விரித்துச் சாய்ந்தால் ஏதோ எஸ்டேட் முதலாளி போல இருந்தது. மூன்றாம் நாள் போனில் பாட்டுப் போட்டான். நாலாம் நாள் பாதிப் பாட்டில் போன் செத்துவிட்டது.

அங்கேதான் புத்தி கெட்டது. மறுநாள் கடைத்தெருவில் ஒரு கார் சார்ஜர் வாங்கி வந்தான். அதைச் செருக ஒரு துளை அந்தக் காரில் கிடையாது. பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு கறுப்பு வயர் போயிற்று. விளக்கு சுவிட்சின் குமிழை இழுத்தால் அதில் கரண்ட் வருகிறது. போதாதா? அதைச் சுரண்டிச் சார்ஜரின் பிளஸ்ஸைச் சுற்றினான். மைனஸை வண்டியின் இரும்பில் மாட்டினான். எல்லா வண்டியிலும் அப்படித்தானே? சுவிட்சை இழுத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து முன்கண்ணாடி வரைக்கும் ஒரு சீறல். அப்புறம் புகை.

நல்ல வேளையாக பேட்டரியைப் பிடுங்கிவிட அவனுக்குத் தோன்றியது. பிடுங்கிவிட்டு, பேயறைந்தவன் போல நின்று மனைவிக்கு போன் செய்யப் பார்த்தான். போனில் சார்ஜ் இல்லை.

நேரே வீட்டுக்கு ஓடி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கொட்டகைக்குள் நுழைந்து மூக்கைச் சுளித்தாள், கருகின வயரைப் பார்த்தாள், சார்ஜரைப் பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதே. நாளன்னைக்கு வந்துருவார்."

"நாளைக்கே வர்றாங்க. அக்கா இப்பத்தான் சொன்னா."

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மனுஷர் ஒரு சாவியைத் தந்தார். அதை ஒரு வாரம் கூடக் காப்பாற்ற முடியவில்லை. இனி ஜென்மத்துக்கும் எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை"தான்.

டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். விளக்கு சுவிட்சின் பின்பக்கம் உருகி வழிந்திருந்தது. வலது பக்கமாகப் பின்னால் போகிற வயர் முழுசும் கரி. மற்றவை பிழைத்திருந்தன. ஆனால் எது எதற்குப் போகிறது? அத்தனையும் கறுப்பு. மாமனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எந்தக் காலத்திலோ வண்டி முழுவதற்கும் ஒரே ரோலில் வயர் இழுத்துவிட்டார். நிறத்துக்குப் பதிலாக ஒவ்வொரு வயரின் நுனியிலும் துணி டேப் சுற்றி, பொடி எழுத்தில் பேர் எழுதியிருந்தார்.

"ஆ, பேர் இருக்கு" என்று மருந்துக்கடைக்காரனுக்கு உயிர் வந்தது. லேபிள் இருந்தால் அவன் ராஜா. கண்ணைச் சுருக்கிப் படித்தான். "அக்கா."

"என்னது?"

"அக்கான்னுதான் எழுதியிருக்கு. இதுல அண்ணன். இதுல மச்சான்."

மனைவி டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தானே குனிந்தாள். "அப்பாவோட அக்கான்னா எங்க அத்தை. இது ஹாரன்தான்" என்றாள். தொடர்ந்து பிடித்துப்போனால் ஹாரனேதான். அந்த அத்தை மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணன் என்றால் பெரியப்பா. யார் என்ன சொன்னாலும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுக்கிறவர். அவர் வைப்பர். மச்சான் என்றால் தாய்மாமா. கேட்ட கேள்விக்கு இன்றுவரை நிஜத்தைச் சொல்லாத மகான். அவர் பெட்ரோல் முள். டேங்க் காலியானாலும் அது பாதியில்தான் நிற்கும். பேட்டரியிலிருந்து வருகிற தடித்த வயரில் 'அவ' என்று இருந்தது. அவள் வழியாக வராமல் அந்த வண்டியில் எதற்கும் கரண்ட் கிடையாது.

"எங்கம்மா" என்றாள் மனைவி. "அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

முன்விளக்கு இரண்டும் 'பெரியவ', 'சின்னவ'. தான் விளக்கு என்று தெரிந்ததும் அவள் முகமும் அப்படியே ஆகிவிட்டது. "அப்பாவை மட்டும் காணோமே. அவர் எஞ்சினா இருப்பார், வயர் வேண்டாம்" என்றாள்.

மருந்துக்கடைக்காரன் அதைக் கேட்கவில்லை. இடது மூலையில் தனியாக நூல் போட்டுக் கட்டியிருந்த ஒரு வயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதில் 'மாப்பிள்ளை' என்று இருந்தது.

"நான் இருக்கேன்" என்றான். "பாத்தியா, என்னையும் போட்டிருக்கார்."

"எதுக்குப் போகுதுன்னு பாருங்க."

பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்த நுனி எதிலும் மாட்டவில்லை, டேப் சுற்றிச் சும்மா தொங்கியது. இடது ஓரமாகவே தடவிக்கொண்டு போனால், மறு நுனி பின்விளக்குப் பக்கத்தில் சுருட்டிக் கட்டியிருந்தது. அதுவும் எதிலும் மாட்டவில்லை. அங்கேயும் ஒரு டேப், அங்கேயும் 'மாப்பிள்ளை'. ஹாரனுக்கு ஒரு வேலை, வைப்பருக்கு ஒரு வேலை, பொய் சொல்கிற முள்ளுக்குக்கூட ஒரு வேலை. மாப்பிள்ளை மட்டும் வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெட்டியாகப் படுத்திருந்தார்.

மனைவி சிரிக்க வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இது உங்க அக்கா புருஷனா இருக்கும்" என்றான் அவன்.

"முன்னாடி நான் இருக்கேன்னீங்க."

"அவரும் மாப்பிள்ளைதானே. யோசிச்சா அவர் மாதிரிதான் இருக்கு."

சொல்லிவிட்டானே தவிர மனசு ஆறவில்லை. சகலை நல்லவன், பாவம். ஆனால் அவன் வந்தாலும் மாமனார் எழுந்து நிற்பார்தான். அப்படியானால் ஒருவர் என்ன, இரண்டு பேருமே அந்த வயர்தான் என்று எண்ணிக்கொண்டு, உருகின சுவிட்சைக் கழற்றிப் பையில் போட்டான்.

மறுநாள் காலையில் பழைய பார்ட்ஸ் கடை திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். கடையை நடத்துகிற அம்மாள் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். சுற்றிலும் பிஸ்கட் டின்கள். டின் நிறைய சுவிட்சுகள். அவர் சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் உருகிப்போச்சே. வயரோட கலர் சொல்லுங்க, எதுன்னு பிடிச்சிடலாம்."

"எல்லாமே கறுப்புங்க."

"அப்போ எது எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"பேர் எழுதியிருக்கு" என்று மனைவியின் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினான். "சுவிட்சுக்குள்ள வர்றது அவ. இங்கேருந்து போறது பெரியவ, சின்னவ. இன்னொண்ணு இருந்துச்சு, பேரோட சேர்ந்து கருகிப்போச்சு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "நான் குடும்பத்தைக் கேக்கலை. வண்டியைக் கேட்டேன்."

மனைவி குறுக்கிட்டு, ஒவ்வோர் உறவும் எந்த விளக்கு என்று விளக்கினாள். முதல் இழுப்புக்குக் கருகினவர், அவர் போகிறது பின்விளக்குக்கு. இரண்டாம் இழுப்புக்குப் பெரியவளும் சின்னவளும். அந்த அம்மாள் பாதியிலேயே குலுங்க ஆரம்பித்துவிட்டார். எப்படிக் கருகியது என்று கேட்டு, சார்ஜர் கதையையும் கேட்டார். "இந்தக் காலத்து வண்டியிலதான் மைனஸ் பாடியில இருக்கும். இதுல பிளஸ்தான் பாடியில. நீங்க தலைகீழா மாட்டிட்டீங்க" என்றார். நாலு டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் பழைய சுவிட்சின் மரையோடு வைத்துத் திருகிப் பார்த்தார். கடைசியில் ஒன்று ஏறியது. "டிராக்டரோடது. குமிழ் கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். உள்ளே அதே ரெண்டு இழுப்பு, அதே பித்தளை."

"அதே மருந்து, வேற கம்பெனி" என்றான் மருந்துக்கடைக்காரன். நாள் முழுக்க அவன் சொல்கிற வாக்கியம் அது. சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சுவிட்ச் சரி. பின்னாடி போற வயரை எப்படி இழுப்பீங்க? சீட்டு, தரை விரிப்பு, கதவோரம் எல்லாம் கழட்டணும். ரெண்டு நாள் வேலை."

வந்த தெம்பு போன இடம் தெரியவில்லை. மாமனார் சாயங்காலம் வந்துவிடுவார்.

கொட்டகைக்குத் திரும்பினார்கள். புது சுவிட்ச் ஒழுங்காகப் பொருந்தியது. அவளை மாட்டினான், பெரியவளை மாட்டினான், சின்னவளை மாட்டினான். பேட்டரியை இணைத்து இரண்டாம் இழுப்பு இழுத்தால் முன்விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. பின்னால் இருட்டு. அவன் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி டார்ச்சை முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் அடித்தாள். "என்னங்க, ஒரு நுனி சுவிட்ச்கிட்ட இருக்கு. இன்னொரு நுனி பின்விளக்குகிட்ட இருக்கு."

"எது?"

"நீங்க சும்மாதானே கிடக்கீங்க. போய் அந்த விளக்கைப் பிடிங்க."

அவனுக்கு ரோஷம் வந்தது. அது சகலை என்று மறுபடி ஆரம்பித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமணத்தை எடுத்துத் தானே டேப்பை உரித்தாள். கால் மணி நேரத்தில் இரண்டு நுனியும் மாட்டியாயிற்று. சுவிட்சை ஓர் இழுப்பு இழுத்தான். பின்னால் இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. கொட்டகைச் சுவரெல்லாம் சிவந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெருமையாகத்தான் இருந்தது, யார் பேரில் எரிந்தால் என்ன.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

மாமனார் பையைக்கூட இறக்கவில்லை. நேரே கொட்டகைக்கு வந்தார், மூக்கை உயர்த்தி ஒரு தடவை இழுத்தார். நீட்டிக்கொண்டிருந்த குமிழைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, சீட்டைத் தூக்கி, கரியைத் தொட்டுப் பார்த்தார். மருந்துக்கடைக்காரன் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்: பாட்டு, சார்ஜர், புகை, டிராக்டர். சொல்லிவிட்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்றான்.

மாமனார் சீட்டை இறக்கி அதிலேயே உட்கார்ந்தார். "எரிஞ்சது எதுன்னு தெரியுமா?"

"தெரியலை மாமா. பேர் கருகிப்போச்சு."

"நான்தான்" என்றார். "பின்னாடி வர்றவன் நம்ம மேல மோதாம இருக்கணும். அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன்."

மனைவி அப்பாவைப் பார்த்தாள்.

"எக்ஸ்சேஞ்சில எந்த லைன் இழுத்தாலும் கூடவே ஒரு ஸ்பேர் இழுத்துடுவோம். அதே வழியில இழுக்க மாட்டோம், வேற வழியாத்தான். ஒரே வழியில போனா ரெண்டும் சேர்ந்து எரியும்" என்றார் மாமனார். "வீட்டுல ரெண்டும் பொண்ணு. நான் போயிட்டா பின்னாடி ஒரு வெளிச்சம் வேணுமே."

"இருக்கும்போதே ஒரு வெளிச்சத்தையும் காணோம்" என்று வாசலிலிருந்து மாமியார் குரல் வந்தது. "பையை யார் தூக்குறது?"

மருந்துக்கடைக்காரனுக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எந்த மாப்பிள்ளைன்னு நினைச்சு எழுதினீங்க மாமா?"

"எழுதும்போது இவ ரெண்டாம் கிளாஸ். மாப்பிள்ளைக்கு நான் எங்கே போறது? யாராவது வருவாங்கன்னு சும்மா போட்டு வச்சேன்." மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை எரிச்சது யாரோ, அவர்தான்னு இப்போ தெரிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. ஏதோ பாட்டு கேட்டீங்களாமே, போடுங்க."

"போன்ல சார்ஜ் இல்லை மாமா."

மாமனாருக்கு முதலில் இருமல்தான் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மருந்துக்கடைக்காரன் குனிந்து உள்ளே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமனார் எழுந்து நிற்கவில்லை. காருக்குள் எழுந்து நிற்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் காலையும் நீட்டிக்கொண்டார்.