வலக்கையால் ஒரு பாஸ்

காலையிலிருந்து கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் சாமான்களை எடுத்துக்கொண்டு நான் மேல்மாடிக்குப் போய்விட வேண்டுமாம்.

துறைமுகத்துக்குள் போகும் லொறிகளுக்குப் பாஸ் எழுதிக் கொடுக்கும் கம்பனி எங்களுடையது. முன் கவுண்டரில் நான். பிறவியிலேயே என் வலக்கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. அதைச் சால்வைக்குள் மறைத்தே பழகிவிட்டேன். எழுதுவது, கொடுப்பது எல்லாம் இடக்கைதான். அதனால் விஷயம் தெரியாதவர்களுக்கு நான் மரியாதை தெரியாத திமிர்பிடித்தவள்.

"சனம் முறைப்பாடு சொல்லுது, சுலோஜனா," என்றார் மனேஜர் மெல்ரோய். "நீங்கள் மேல இருந்து எழுதுங்கோ. பியோன் கஜீபன் எடுத்துக் குடுக்கட்டும். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

நன்மையாம்! அவர் தலைக்கு மேலேயே 'எல்லோருக்கும் இடமுண்டு' என்று கம்பனி போஸ்டர் தொங்குகிறது. அதில் நானும் சிரிக்கிறேன். படம் எடுத்தவர் என் வலக்கை தெரியாதபடி ஒரு பூச்சாடியை நகர்த்தி வைத்திருந்தார்.

எழும்பினேன், இருந்தேன், திரும்பவும் எழும்பினேன். மேலே போனால் என்னை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கந்தளாய் லொறி முதலாளி இரத்தினசிங்கம் வந்தார். போன கிழமை முறைப்பாடு சொன்னவர் அவர்தான். நெற்றி நிறையச் சந்தனம். வெளியே மாலை போட்ட புது லொறி, முதல் ஓட்டம்.

"பிள்ளை, இண்டைக்கு மட்டும் இடக்கையால தராதேங்கோ. புது வாகனம்."

கஜீபனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மேல்மாடிதான். பாஸை எழுதி முடித்தேன். சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். பாஸை வலக்கையின் மேல் வைத்து நீட்டினேன்.

அவருடைய கை பாதியில் நின்றுவிட்டது.

"ஐயோ, எனக்குத் தெரியாதே பிள்ளை..."

"இப்ப தெரியுந்தானே. கெதியாப் பிடியுங்கோ ஐயா, காத்துக்குப் பறந்திடும்."

வாங்கினார். வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

மெல்ரோய் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இனிக் கஜீபன் தருவார்."

இரத்தினசிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி? பிள்ளை வலக்கையாலதானே தந்தது."

மெல்ரோய் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் எழுத்து அழிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு அடுத்தவருடைய லொறி நம்பரைக் கேட்டேன்.