விரதத் தொட்டி

பாலாம்பிகைக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழும்பச் சொன்னது, எழும்பினால் நடக்கச் சொன்னது. வேலைத்தளத்தில் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே காலையிலிருந்து நடந்ததில் ரப்பர் சப்பாத்து தேய்ந்ததுதான் மிச்சம். கந்தசஷ்டி ஆறாம் நாள். பின்னேரம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் புலம்பெயர்ந்த தமிழர் கட்டிய முருகன் கோயிலில் சூரன் போர். அதையும் பார்த்துவிட்டால் விடியப் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடலாம். இத்தனை நாளும் பகலெல்லாம் வெறும் தண்ணீர், பொழுதுபட்ட பிறகு ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும்தான். அவள் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. மற்ற வருடங்களில் பாதியிலேயே தலையிடி என்று சாட்டுச் சொல்லிச் சோறு தின்றவள்தான். இந்த வருடம் தலை வெடித்தாலும் விடுவதில்லை என்று நின்றாள்.

ஏனென்றால் இது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி, அவளுடைய அண்ணை போர் நடக்கிற வன்னிக்குள் இருந்தார். அண்ணையும் அண்ணியும் மூன்று பிள்ளைகளும். கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எடுத்து, "வெளிக்கிடுறம் தங்கச்சி, பேந்து எடுக்கிறன்" என்று சொன்னதுதான் கடைசி. அந்தப் பேந்து இன்னும் வரவில்லை. அவள் முருகனோடு ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள்: ஆறு நாளும் பிசகாமல் பிடிக்கிறன், அண்ணையின்ரை குரலை ஒருக்காக் கேக்கப் பண்ணு. கடவுளோடு பேரம் பேசக்கூடாது என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விரதக்காரிக்கு வேலை மீனோடு. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அருகே ஒரு பழைய களஞ்சியத்துக்குள் பெரிய வட்டத் தொட்டிகள் வைத்து மிரெய் என்ற பெண் சால்மன் வளர்த்தாள். பக்கத்து விவசாயக் கல்லூரியில் படித்தவள், தகப்பன் விட்டுப்போன காணியை விற்று இதைத் தொடங்கினவள். கடலைக் கண்ணாலும் காணாத சால்மன். முட்டையிலிருந்து முழு மீனாகும்வரை நல்ல தண்ணீரிலேயே வளரும். அந்தத் தண்ணீரும் வெளியே போகாது. வடிகட்டி, சுத்தமாக்கி, திரும்பத் திரும்ப அதே தொட்டிக்கே வரும். மீனின் கழிவு சோளத் தோட்டக்காரனுக்கு உரம். ஆற்றுக்கு ஒரு சொட்டு அழுக்கும் இல்லை என்று மிரெய் சொல்லும்போது தன் பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளை என்று சொல்கிற தாயைப்போல இருப்பாள்.

எல்லாம் சரி, ஒரு குறைதான். சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீரில் வளர்கிற மீனின் தசையில் ஒரு மண் மணம் ஏறிவிடும். அதைப் போக்க ஒரே வழி, விற்பதற்கு முன் மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, புதுத் தண்ணீர் ஓடவிட்டு, ஒரு கிழமைக்கு மேல் பட்டினி போடுவது. அந்தத் தொட்டிக்கு மிரெய் ஏதோ பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தாள். கூட வேலை செய்கிற அருமைராசா விரதத் தொட்டி என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. தொட்டியைப் பார்ப்பது பாலாம்பிகையின் பொறுப்பு.

"உமக்கும் மீனுக்கும் ஒரே விரதம், பிள்ளை," என்று அருமைராசா முதல் நாளே பகிடி விட்டார். "ஆர் முதல் முருகனைக் காணுகினம் எண்டு பாப்பம்."

அவள் சிரித்தாள். அப்போது சிரிப்பு வந்தது.

அந்த வசந்தத்தில் ஒரு பெரிய உணவகத்துச் சமையற்காரர் வந்து, ஒரு துண்டை வாயில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் கைத்துண்டில் துப்பிவிட்டுப் போயிருந்தார். மிரெய் அன்றைக்கு அழவில்லை, அடுத்த நாள்தான் அழுதாள். இன்றைக்கு வேறொருவர் மத்தியானம் வருகிறார், பழைய துறைமுகப் பக்கத்து ஹோட்டல்காரர். இவரும் கைவிட்டால் பனிக்கு முன் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று மிரெய் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

விற்கிற நாளில் உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் ஒரு துண்டை அவித்து, தொட்டியைப் பார்க்கிறவர் முதலில் தின்று பார்க்க வேண்டும். அது அங்கே வழக்கம். விரதம் என்று பாலாம்பிகை முன்கூட்டியே சொன்னபோது, "உன் கடவுள் முதலில், என் மீன் பிறகு," என்று மிரெய் ஒரு பேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தாள். அதனால் காலையில் மிரெயும் அருமைராசாவும் தின்று பார்த்தார்கள். இருவரும் நல்லது என்றார்கள். மிரெய்க்குத் தடிமன், மூக்கு அடைத்துக் குரலே மாறியிருந்தது. அருமைராசாவின் வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சிகரெட் புகைத்துப் புகைத்து அவருக்குச் சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பெரிய காரியம்.

பாலாம்பிகை நடந்து திரிந்ததற்கு இது மட்டும் காரணம் என்றால் பரவாயில்லை. அவள் ஒருவருக்கும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது. தமிழ் வானொலியில் வன்னித் தருமபுரம் பக்கம் அடைமழை, இடம்பெயர்ந்த சனத்தின் தறப்பாள் கொட்டில்களுக்குள் வெள்ளம், சாப்பாட்டு லொறிகள் வந்து சேரவில்லை என்று செய்தி. அதைக் கேட்டுவிட்டு அவள் விரதத் தொட்டியில் தண்ணீரின் குளிர் பார்க்கப் போனாள். நிழல் விழுந்ததும் மீன்கள் ஓரத்துக்கு வந்து மொய்த்தன. தீன் போடுகிறவளின் நிழல் மீனுக்குத் தெரியும். வாயைத் திறந்தன, மூடின, திறந்தன. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்துத் தொட்டியின் தீன் வாளி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. கை போனது, அள்ளியது, எறிந்தது. புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது.

தின்ற மீன் கழியும். கழிந்தால் தண்ணீர் கெடும், கெட்ட தண்ணீரின் மணம் திரும்பவும் தசையில் ஏறும். இதெல்லாம் தெரியாதவள் இல்லை அவள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான். அன்றிலிருந்து தொட்டிக்கு இன்னும் கூடத் தண்ணீர் திறந்துவிட்டாள், அடியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள், ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு நெஞ்சு தாங்கவில்லை. அருமைராசாவைக் கதவுக்கு வெளியே பிடித்துச் சொல்லிவிட்டாள்.

"ஒரு பிடி தீனோ?" என்றார் அவர். "அவ்வளவு மீனுக்கும் அது கடைவாய்க்கும் காணாது."

"மீனுக்குக் காணாது அண்ணை. மணத்துக்குக் காணும்."

"நான் திண்டு பாத்தனான். நல்லாத்தான் கிடந்தது."

"நீங்கள் பினாயிலைக் குடிச்சாலும் நல்லாக் கிடக்கெண்டுதான் சொல்லுவியள்."

அவர் கோபிக்கவில்லை. சிகரெட்டைச் சுவரில் அணைத்தார். "சும்மா இரும் பிள்ளை. வாறவன் திண்டிட்டுப் போகட்டும். வாயைத் திறந்து எல்லாரின்ரை பிழைப்பிலையும் மண்ணைப் போடாதையும்."

"போனமுறை நாங்கள் ஒருதரும் வாயைத் திறக்கேல்லை. அவன்தான் திறந்து துப்பினவன்."

அவள் உள்ளே போனாள். மிரெய் மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். பாலாம்பிகைக்குத் தெரிந்த பிரெஞ்சு வேலைத்தளத்துப் பிரெஞ்சு. நேற்று, இன்று, மீன், தண்ணீர் என்று கோத்துக் கோத்து நடந்ததைச் சொன்னாள். மிரெய் துணியை விரித்த கையோடு நின்றாள்.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"பசித்தது."

"யாருக்கு? உனக்கா, மீனுக்கா?"

மிரெய் மூக்கைச் சிந்தினாள். "அவரை வரவேண்டாம் என்று சொல்லலாம்," என்றாள். "சொன்னால் இன்னொரு முறை வரமாட்டார். வரட்டும் என்று விட்டால், என் மூக்கு இன்றைக்கு மூக்கே இல்லை." நீ தின்று பார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் பாலாம்பிகையைக் கொன்றது.

மணந்து பார்த்தால் போதாதா என்று தோன்றியது. காலையில் அவித்து மூடி வைத்த தட்டைத் திறந்து முகத்தருகே பிடித்தாள். பசித்த மூக்குக்கு எல்லாம் வாசம்தான். அவளுக்கு வாயூறியது, கண்ணும் கலங்கியது, மண் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை. சப்பித் துப்பிவிடலாம் என்று எண்ணினாள். விழுங்காவிட்டால் விரதம் முறியாது என்று எங்கேயாவது ஒரு ஐயர் சொல்லியிருக்க மாட்டாரா. சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முருகா, இது தீன் இல்லை, வேலை. நீ வேலையையும் வயிற்றையும் பிரித்துப் பார்க்கிறவன்.

ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

மண் இல்லை. தேடினாள், நாக்கின் அடியில், மேலண்ணத்தில், தொண்டை வாசலில். எங்கேயும் இல்லை. நெய் மாதிரி ஒரு வழுவழுப்பு, பிறகு மெல்லிய இனிப்பு, அவ்வளவுதான். அவள் போட்ட ஒரு பிடி தீன் மீனையும் கெடுக்கவில்லை, தண்ணீரையும் கெடுக்கவில்லை. துப்புவதற்குக் கைத்துண்டை எடுத்தபோது வாயில் ஒன்றும் இருக்கவில்லை.

"நல்லாயிருக்கு," என்றாள். தமிழில்தான் வந்தது. மிரெய்க்கு அது விளங்கியது.

ஹோட்டல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவருக்கு மிரெய் புதுத் துண்டு வைத்தாள். அவர் சப்பினார், கண்ணை மூடினார், இன்னொரு துண்டைத் தானாகவே எடுத்தார். பிறகு ஏதோ கேட்டார், மிரெய் தலையாட்டினாள், இருவரும் கை குலுக்கினார்கள். அருமைராசா வெளியே நின்றபடி பாலாம்பிகையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, தொட்டிகளைக் காட்ட அவர்களோடு போய்விட்டார். இந்தப் பக்கத்தில் அவள் மட்டும் நின்றாள், காலையில் அவித்த தட்டோடு.

மூடி வைக்கத்தான் கையை நீட்டினாள். கை மூடியைத் தொடவில்லை. இரண்டாவது துண்டு போனது. ஒருவரும் கேட்கவில்லை, ஒருவருக்கும் தேவையுமில்லை. மூன்றாவதைச் சப்பக்கூட இல்லை, அப்படியே விழுங்கினாள். ஆறிப்போன மீன், உப்பில்லை, புளியில்லை, உறைப்பில்லை. இத்தனை ருசியாக அவள் வாழ்நாளில் எதையும் தின்றதில்லை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்க, கை மறுபக்கம் தட்டை வழித்தது.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணையோ என்று பார்த்தால், துறைமுகத்தில் லொறி ஓட்டுகிற புருஷன் சிவநேசம்.

"இஞ்சேரும், நான் வெளிக்கிட்டிட்டன்," என்றான். "உம்மை ஏத்திக்கொண்டு நேரை கோயிலுக்குப் போவம். களைச்சுப் போனீரோ?"

வாயில் இருந்ததை விழுங்கும்வரை அவளால் பேச முடியவில்லை. "இல்லை," என்றாள்.

"இன்னும் ஒரு பொழுதுதானே. பொறுத்துக்கொள்ளும். அண்ணை எடுப்பார், பாரும்."

"நான் மீன் திண்டிட்டன்."

"வேலைக்கோ?" என்று கேட்டான்.

"முதல் துண்டு வேலைக்கு."

"மற்றது?"

"மற்றதெல்லாம் எனக்கு."

அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கேட்டதோ வேறு. "அப்ப கோயிலுக்கு?"

"வருவன்," என்றாள். அழுகை வந்துவிட்டது, குரலை மட்டும் விடவில்லை. "முருகனுக்கு முன்னாலை நிண்டு சொல்ல வேணும். திண்டது நான். அண்ணையவை இன்னும் தின்னேல்லை."