பதினொரு சாட்சிகள்

தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதுவது என் பிழைப்பு. பாம்பும் சாகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் எழுதுவதில் ரத்னம்மாவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, வெட்கக்கேடு.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பத்ரோஸ் சேட்டன் இடது காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். மனைவி இறந்த பிறகு தனிக்கட்டை. முந்தின வாரம் மாவடி முக்கில் எஸ்.ஐ. இவருடைய ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார். "எதுக்கு சாரே?" என்று இவர் கேட்டது ஒன்றுதான் குற்றம். கன்னத்தில் விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது.

"போலீஸ்மேல புகார் கொடுக்க தனி அதாரிட்டி இருக்காமே, எழுது ரத்னம்மே."

நாள், நேரம், இடம், அதிகாரியின் பெயர் எல்லாம் எழுதினேன். "சாட்சி?"

"முக்குல நின்ன அத்தனை பேரும்தான். டீக்கடை குஞ்ஞப்பன், ஆட்டோ சுகதன், மீன்காரி ஜானம்மா..." பதினொரு பெயர் சொன்னார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சேட்டா?"

"கண்ணால கண்டதைச் சொல்றதுக்குக் கேக்கணுமாக்கும்! என் அன்னக்குட்டி போனப்போ மூணு நாள் எனக்குக் கஞ்சி கொண்டாந்தவங்க. ஆமா, நீயும் அங்க மத்தி மீன் வாங்கிக்கிட்டு நின்னியே. உன் பேரையும் போடு."

"எழுதுறவ சாட்சி நிக்கக்கூடாது. அதுதான் எங்க தொழில் வழக்கம்" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. பயத்தில் அந்த நிமிடம் பிறந்த வழக்கம் அது. அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பதிவுத் தபால் போன பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். "ஸ்டேஷன் முன்னாலதான் என் ஸ்டாண்டு. பேரை வெட்டிடு சேச்சி" என்றான் சுகதன். ஜானம்மா காசு வாங்காமல் ஒரு பொட்டலம் மத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எதையும் சேட்டனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டபோது, அவரைத் தனியாக அனுப்ப மனசு வராமல் கூடவே போனேன்.

பெரிய மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற நீதிபதி. எஸ்.ஐ. கால்மேல் கால் போட்டிருந்தார். சேட்டன் குடிபோதையில் தடுமாறி விழுந்தார் என்பது ஸ்டேஷன் அறிக்கை. அவரோ பெந்தகோஸ்தேக்காரர், திராட்சைரசம்கூட நாக்கில் படாத மனிதர். நீதிபதி அறிக்கையைப் படிக்கப் படிக்க, சேட்டன் தன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பியூன் வராந்தாவுக்குப் போய் சாட்சிகளை அழைத்தார். வழக்கப்படி ஒவ்வொரு பெயரும் மூன்று முறை. "குஞ்ஞப்பன்! குஞ்ஞப்பன்! குஞ்ஞப்பன்!" வராந்தாவில் ஒரு காலி பெஞ்சு மட்டும் கிடந்தது. சுகதன் மூன்று முறை, ஜானம்மா மூன்று முறை. முப்பத்துமூன்று கூப்பாடும் முடிந்தது. சேட்டன் நல்ல காதை வாசல் பக்கம் திருப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

"ரத்னம்மே, யாராவது 'இருக்கேன்'னாங்களா? எனக்குச் சரியா விழல."

நான் எழுந்து என் பெயரைச் சொல்லி, நானும் பார்த்தேன் என்றேன்.

"பட்டியல்ல உங்க பேர் இல்லையே?" என்றார் நீதிபதி.

"பட்டியல் எழுதினவளே நான்தான் சாரே. என் பேரை நானே விட்டுட்டேன்."

மத்தி வாங்கியது, அறைந்த சத்தம், சேட்டன் விழுந்த இடம், எல்லாம் சொன்னேன். எஸ்.ஐ. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் பெயரைக் குறித்துக்கொண்டார். பயந்தேன், இன்றும் பயம்தான்.

உத்தரவு இன்னும் வரவில்லை. என் மேசைக்கு மனு எழுதவும் இப்போது யாரும் வருவதில்லை. மத்தியானமானால் சேட்டன் மட்டும் வந்து, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்காருவார். அப்படியும் நான் உரக்கத்தான் பேசவேண்டியிருக்கிறது. தாலுகா வாசல் முழுக்கக் கேட்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.